மந்திரத்துக்கும் சட்டம் உண்டு!



போன செமஸ்டர் தேர்வு முடிந்த ராத்திரி ஹாஸ்டல் ஹாலில் ஹாரி பாட்டர் படம் ஓடியது. அந்தக் கதையில் மந்திரவாதிகளுக்கென்று தனியாக ஒரு அரசாங்கம். அதில் மந்திர அமைச்சகம், அமைச்சகத்துக்கு ஒரு மந்திரி, மந்திரிக்கு ஒரு பட்டாளம் குமாஸ்தாக்கள். பதினேழு வயசு ஆகாதவன் பள்ளிக்கூடத்துக்கு வெளியே மந்திரம் போட்டால் உடனே நோட்டீஸ், விசாரணை! பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் சிரித்தான். "மச்சான், மந்திரத்துக்கே ஒரு மந்திரியாம்டா! நம்ம நாட்டுல இருந்தா எப்படி இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நண்பனின் கேள்விக்குப் பதில். நம் நாட்டில் மந்திரத்துக்கு மந்திரி கிடையாது. ஆனால் சட்டம் இருக்கிறது! "மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954". அந்த வருஷத்து 21ஆம் எண் சட்டம். 1955 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ராஜகுமாரி அம்ரித் கௌர் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்தது. நம்ம பாடத்தில் தொழிற்சாலைச் சட்டம் 1948 மட்டும் படித்து, அதையும் பரீட்சை ஹாலைத் தாண்டியதும் மறந்துவிடுகிற நமக்கு, இப்படி ஒரு சட்டம் இருப்பதே புதுசு.

மந்திரம் என்றால் என்ன?

எந்தச் சட்டத்தையும் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வரையறைப் பிரிவு. டிராயிங் ஷீட்டில் அளவுகோல் பார்க்காமல் அளவெடுத்தால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கேயும்.

இந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, தாயத்து, மந்திரம், கவசம், இன்னும் எந்த வகை வசியப் பொருளும் "மாய மருத்துவம்" என்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. மனிதருக்கோ விலங்குக்கோ வரும் நோயைக் கண்டுபிடிக்கவும், தீர்க்கவும், தடுக்கவும் அதற்கு அற்புத சக்தி இருப்பதாகச் "சொல்லப்பட்டிருக்க" வேண்டும்.

"சொல்லப்படும்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். மந்திரம் பலிக்குமா, பலிக்காதா என்ற வம்புக்கே சட்டம் போகவில்லை. கடவுள் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து கையைத் தூக்கிய பார்லிமெண்டில் அந்த வம்பு எதற்கு? நீ சக்தி இருப்பதாகச் சொல்கிறாயா? சொல்லி விளம்பரம் செய்கிறாயா? அவ்வளவுதான் கேள்வி.

சரி, விளம்பரம் என்றால் என்ன? நோட்டீஸ், லேபிள், உறை மட்டுமில்லை. வாயால் அறிவிப்பதும் விளம்பரம். ஒளி, ஒலி, புகை எதன் மூலம் அறிவித்தாலும் விளம்பரம். ஆமாம், புகை! சட்டம் எழுதியவர்கள் எந்தப் புகையை மனசில் வைத்தார்களோ, எனக்குச் சாம்பிராணிதான் ஞாபகம் வந்தது. வேடிக்கையை விடுங்கள். 1954ல் எழுதின அந்த வரி, ஒளியும் ஒலியும் என்று பொதுவாகச் சொன்னதால், இன்றைக்கு உங்கள் கைப்பேசியில் ஓடும் வீடியோவுக்கும் பொருந்துகிறது. நல்ல வரையறைக்கு அதுதான் அடையாளம்.

எது குற்றம்?

சுருக்கமாக, வைவாவில் சொல்கிற மாதிரி:

1. அட்டவணையில் உள்ள நோய்களை மருந்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாது (பிரிவு 3).
2. மருந்தைப் பற்றித் தவறான எண்ணம் தரும்படி விளம்பரம் செய்யக்கூடாது (பிரிவு 4).
3. அதே நோய்களைத் தாயத்தால், மந்திரத்தால் தீர்ப்பதாக, அதைத் தொழிலாகச் செய்பவர் விளம்பரத்தில் பங்கெடுக்கக்கூடாது (பிரிவு 5).
4. மீறினால் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருஷம் வரை (பிரிவு 7).

அட்டவணையில் 54 நோய்கள். புற்றுநோய், நீரிழிவு, காசநோய், வலிப்பு, பக்கவாதம், தொழுநோய், இதய நோய், ரத்த அழுத்தம், பெண்களின் மலட்டுத்தன்மை எல்லாம் உண்டு. உயரமாக வளர்வதுகூட உண்டு. "முப்பதே நாளில் உயரம் கூடும்" என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்க்கிறோமே, அது இந்தச் சட்டத்தின் கண்ணில் நேரடியான குற்றம். ரெகுலர் பஸ்ஸுக்கு நிற்கும் நாம் தினம் ஒரு குற்றத்தைப் படித்துக்கொண்டு நிற்கிறோம்!

இந்த அட்டவணை வந்த கதை சுவையானது. முதலில், வேறு எந்த நோயையும் அரசாங்கம் விதிகள் மூலம் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் திறந்த வாசல் ஒன்று இருந்தது. ஹம்தர்த் தவாகானா என்ற யுனானி மருந்து நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. 1959 டிசம்பரில் தீர்ப்பு. எல்லையே சொல்லாமல் அப்படி அதிகாரம் கொடுப்பது செல்லாது என்றது கோர்ட். விளம்பரங்களைப் பறிமுதல் செய்யும் 8ஆம் பிரிவும் விழுந்தது. ஆனால் தடைசெய்த மருந்தை விற்பதற்காகச் செய்யும் விளம்பரம் பேச்சுரிமைக்குள் வராது என்றும் கோர்ட் சொல்லிவிட்டது. அதன் பிறகு 1963ல் திருத்தம் வந்து, நோய்கள் அட்டவணையாக வரிசைப்படுத்தப்பட்டன. சட்டம் தயங்கிய இடத்தில் கோர்ட் இடித்துச் சரிசெய்தது. ஃபைலிங் ஜாப் மாதிரிதான். முதல் தடவையே மட்டம் வந்துவிடாது.

சட்டம் செத்துப்போகவும் இல்லை. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில், 2024ல் உச்ச நீதிமன்றம் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களைக் கண்டித்தது. நிறுவனம் பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட வேண்டி வந்தது.

ஏன் எனக்குச் சிரிப்பு வரவில்லை?

இனி என் வீட்டுக் கதை. மூன்று வருஷம் ஆகப் போகிறது. பத்தாவது முடித்த லீவில் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் அத்தை வீட்டில் இருந்தேன். சித்திரை வெயில். எல்லாரும் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். ராத்திரி பதினொரு மணி இருக்கும். அத்தை எழுந்து, "எறும்பு கடிச்ச மாதிரி இருக்குது" என்று கையைத் தேய்த்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டார். ஒரு மணிக்கு வயிற்று வலி. மாமா டார்ச் அடித்துப் பார்த்தபோது சுவரோரம் கறுப்பில் வெள்ளைப் பட்டையோடு ஒரு பாம்பு. கட்டுவிரியன்!

ஆஸ்பத்திரிக்குப் போனோமா? இல்லை. நாலு வீடு தள்ளிப் பாடம் போடுகிற பெரியவர் இருந்தார். அங்கே போனோம். வேப்பிலை அடித்தார், மிளகு மெல்லச் சொன்னார், மந்திரம் சொல்லிக் கையில் கயிறு கட்டினார். "விஷம் இறங்கிடுச்சு, வீட்டுக்குப் போங்க" என்றார். வந்தோம். மூன்று மணிக்கு அத்தையால் கண்ணிமையைத் திறக்க முடியவில்லை. பேச்சு குழறியது. அப்புறம்தான் 108. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மூச்சு வாங்கச் சிரமப்பட்டார். நாலு நாள் வென்டிலேட்டர். ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "சாப்ட்டியாடா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ஒரு சேவல், ஒரு வேட்டி, வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனார். "அவரு பாடம் போட்டதாலதான் ஆஸ்பத்திரி வரைக்கும் உசுரு தாங்குச்சு" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தைதான் அடக்கினார். "டேய், ராத்திரி ஒரு மணிக்கு யாருடா கதவைத் தொறப்பாங்க? அவரு தொறந்தாரு. அஞ்சு பைசா கேக்கல."

கோபத்தில்தான் சட்டத்தைத் தேட ஆரம்பித்தேன். பெரியவரை உள்ளே தள்ள ஒரு பிரிவு கிடைக்காதா என்று! கிடைக்கவில்லை. ஒன்று, அவர் விளம்பரமே செய்யவில்லை. ஊர் தானாக அவர் வாசலுக்குப் போகிறது. இரண்டு, 54 நோய்களில் பாம்புக்கடி கிடையாது. மூன்று, காசு வாங்காதவர் மேல் மோசடிக் கேஸும் நிற்காது. மந்திரத்தின் பெயரிலேயே சட்டம் இருந்தும், என் அத்தையை அது காப்பாற்றியிருக்காது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மந்திரம் ஏன் பலித்த மாதிரி இருக்கிறது?

கோபம் ஆறியதும் கணக்குப் போட்டேன். கணக்குக்காக வைத்துக்கொள்வோம், பத்துப் பேரைப் பாம்பு கடித்து, பத்துப் பேரும் பெரியவரிடம் போகிறார்கள். ஆறு பேரைக் கடித்தது சாரை, தண்ணிப்பாம்பு மாதிரி விஷமில்லாதது. இரண்டு பேரை விஷப்பாம்பு கடித்தும் விஷம் இறக்கவில்லை. அப்படியும் நடப்பதுண்டு. எட்டுப் பேரும் எதுவுமே செய்யாவிட்டாலும் பிழைப்பார்கள். ஊர் சொல்வது, "பத்துக்கு எட்டு பழுதில்லை." மீதி இரண்டு பேர் இறந்தால், "விதி முடிஞ்சுது." ஒரு டை, பத்து ஜாபில் எட்டு சரி என்று காட்டினால் நாம் நம்புவோம். ஆனால் அந்த எட்டும் மெஷினுக்குள் போகாமலே சரியாக இருந்த ஜாப் என்றால்?

அடுத்தது விஷக்கல். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒருவர் என்னிடம் விற்கப் பார்த்தார். கறுப்பாக, லேசாக இருந்தது. கடிவாயில் வைத்தால் ஒட்டிக்கொண்டு விஷத்தை உறிஞ்சுமாம். பெரும்பாலும் அது கருக்கிய எலும்பு. நுண்துளை நிறைந்த எந்தக் காய்ந்த பொருளும் ஈரத்தில் ஒட்டும். நுண்குழாய்க் கவர்ச்சி, முதல் வருஷ இயற்பியல்! சாக்பீஸ் முனையை நாக்கில் வைத்துப் பாருங்கள், ஒட்டும். ஆனால் விஷம் தோலுக்கு மேலே இல்லை. திசுவுக்குள் இறங்கி நிணநீர் வழியாகப் போய்விட்டது. கல் மேலே உட்கார்ந்து எதை உறிஞ்சும்?

வடநெம்மேலி சொல்லும் பாடம்

தடை போடுவது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது என்று எனக்குக் காட்டியது, மாமல்லபுரத்திலிருந்து சென்னை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலி.

செங்கல்பட்டு வட்டார இருளர்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் வந்ததும் பிழைப்பு போனது. ஊரார் கண்ணுக்கு அவர்கள் கையில் இருந்ததும் ஒரு மந்திரம்தான். மண்ணில் தடம் பார்த்து, எந்தப் பொந்தில் எந்தப் பாம்பு என்று சொல்லும் வித்தை. அரசாங்கம் தடையோடு நின்றிருந்தால் அந்த அறிவு அவர்களோடு அழிந்திருக்கும். 1978ல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. முதலைப் பண்ணை வளாகத்தில்தான் இடம்.

நாங்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். வரிசையாக மண் பானைகள், வாயில் துணி கட்டி, உள்ளே பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நால்வர் மட்டும்தான். ஒருவர் பாம்பின் தலையைப் பதமாகப் பிடித்து, மேலே சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையைக் கடிக்க வைத்தார். சொட்டுச் சொட்டாக விஷம். வனத்துறை லைசென்ஸ் தந்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு பாம்புகூடப் பிடிக்கக்கூடாது. சுமார் மூன்று வாரம் வைத்து, நாலு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு சீக்கிரத்தில் மறுபடி கிடைத்தால் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். நம்ம ஸ்டோர்ஸில் டூலுக்கு டோக்கன் கொடுக்கிற மாதிரி!

உலர்த்திப் பொடியாக்கிய விஷம் மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. சிறு அளவில் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரை ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்தால் விஷமுறிவு மருந்து. என் அத்தைக்கு ஏற்றிய குப்பிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு மண் பானை இருந்திருக்கிறது. இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2017ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.

இதுவும் அரசு ஒழுங்குமுறைதான். லைசென்ஸ், எண்ணிக்கை, அடையாளம், பதிவேடு. ஆனால் அறிவை ஒழிக்காமல் வழிப்படுத்திய ஒழுங்குமுறை.

மற்ற இடங்களில்

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சூனியத்துக்குத் தூக்கு. 1735 சட்டம் அதை மாற்றி, மந்திர சக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்வதே குற்றம் என்றது. 1951ல் அதுவும் நீக்கப்பட்டது. மகாராஷ்டிராவில் நரேந்திர தபோல்கர் இப்படி ஒரு சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடினார். 2013 ஆகஸ்ட் 20ல் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாளிலேயே அவசரச் சட்டம், அந்த டிசம்பரில் முழுச் சட்டம். கர்நாடகத்தில் 2017ல் வந்தது. இலங்கையில் டாக்டர் கோவூர், ஏமாற்ற வழியில்லாத சோதனையில் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு லட்ச ரூபாய் என்று சவால் விட்டார். 1978ல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை யாரும் ஜெயிக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக 2020ல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. ஒவ்வொரு கடியையும் ஆஸ்பத்திரி கணக்கில் சொல்ல வேண்டும். என் பார்வையில் 1954 சட்டத்தைவிட இதுதான் பாடம் போடுபவர் வாசலுக்குக் கிட்டே வரும் சட்டம். கணக்கு வந்தால்தான் எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை குப்பி வேண்டும் என்று தெரியும்.

நீங்கள் மறக்கக்கூடாத நாலு: கடித்த கைகாலை எலும்பு முறிந்தது போல் கட்டை வைத்து அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108. கட்டுவிரியன் விஷம் நரம்பைப் பிடித்த பிறகு மருந்தால் சீக்கிரம் விடுவிக்க முடியாது. அதனால்தான் வென்டிலேட்டர். அதனால்தான் அந்த இரண்டு மணி நேரம் அத்தனை விலை.

கடைசியாக ஒன்று. போன மாதம் பெரியவரைப் பார்க்கப் போனேன். "இன்னா தம்பி, என்னைக் கேஸுல மாட்டப் போறியாமே?" என்று சிரித்தார்.

"உங்களப் புடிக்கச் சட்டத்துல எடமே இல்ல தாத்தா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யாரு வந்தாலும் மொதல்ல 108க்குப் போன் போடச் சொல்லுங்க. வண்டி வர்ற வரைக்கும் நீங்க பாடம் போடுங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "சரி. என் வாசல்ல ஒரு உசுரு போவக் கூடாதுன்னுதான் எனக்கும்."

சாக்பீஸை எடுத்து அவர் வீட்டுக் கதவில் பெரிதாக 108 என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது விளம்பரம் ஆவாதா தம்பி?" என்றார்.

"ஆகும் தாத்தா. ஆனா இதுக்குத் தடை இல்ல."

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு